சாண்ட்வுட் பே: நடந்து போனால்தான் பார்க்க முடியும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், கேப் ராத் முனைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது சாண்ட்வுட் பே. ஒன்றரை மைல் நீளத்துக்கு மணல், எதிரே அட்லாண்டிக். வண்டி போகிற சாலை கிடையாது. கின்லோக்பெர்வி மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி பிளேர்மோர் என்ற சிற்றூரில் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டும். போக நாலு மைல், திரும்ப நாலு மைல். ஜூன் மாதத்தில் போய் வந்தேன்.

பாதையின் பெரும்பகுதியில் மரமே இல்லை. கால் வைத்தால் அமுங்குகிற பீட் மண் (செடிகள் பாதி மக்கிச் சேர்ந்த சதுப்பு மண்), நடுநடுவே சின்னச் சின்ன ஏரிகள், அங்கங்கே செம்மறி ஆடுகள். இரண்டு மணி நேரம் இப்படியே போகிறது. அப்புறம் பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் மொத்தக் கடலும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுகிறது. இடது பக்கம், பாறை முனைக்கு அப்பால், தண்ணீருக்குள் தனியாக நிற்கிறது ஆம் புவாகல் என்ற கல் தூண். உயரம் சுமார் 65 மீட்டர். 1967-ல்தான் முதன்முதலாக மலையேற்ற வீரர் டாம் பேட்டி குழுவினர் அதில் ஏறினார்கள். அதன் அடிவாரத்தைத் தொடவே, கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து நீந்திப் போக வேண்டும்.

அந்தத் தூண் டாரிடன் என்ற வகை மணற்கல். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு வயது என்கிறார்கள். கரையில் ஈர மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தேன். இளஞ்சிவப்பில் பொடிக் கற்கள், இடையிடையே வெள்ளைச் சிப்பித் துணுக்குகள். வெயில் சாய்ந்ததும் கரை முழுக்க அந்தச் சிவப்பு ஏறிவிடுகிறது.

மணல் மேடுகளுக்குப் பின்னால் ஒரு நன்னீர் ஏரி. அதிலிருந்து வழிகிற ஓடை கரையை அறுத்துக்கொண்டு கடலில் சேர்கிறது. பீட் ஊறிய தண்ணீர் என்பதால் டிக்காஷன் நிறம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடந்தேன். ஜூன் மாதத்திலும் கால் மரத்துப்போனது.

அலைக்கு அப்பால் கேனட் பறவைகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. வெள்ளை உடல், இறக்கை நுனி மட்டும் கறுப்பு. உயரத்தில் ஒரு கணம் தயங்கி, இறக்கையைப் பின்னால் மடக்கி, தலைகீழாகப் பாய்கின்றன. நீர் தெறிப்பது முதலில் தெரிகிறது. சத்தம் பிறகுதான் வந்து சேர்கிறது. ஒரு மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கரையின் வடகோடியில் ஒரு வயதான அம்மா குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் நைலான் கயிற்றுத் துண்டுகள். நீலம், ஆரஞ்சு, பச்சை. விரல் நீளம்கூட இல்லாதவற்றையும் விடவில்லை. "இவ்வளவு தூரம் நடந்து வர்றவங்க யாரும் இங்க குப்பை போடறதில்லைப்பா. இதெல்லாம் கடல் கொண்டுவந்து போடறது. குளிர்காலப் புயலுக்கு அப்புறம் வந்து பாரு, வலை வலையாக் கிடக்கும்" என்கிற பொருளில் சொன்னார். ஒரு துண்டை மணலிலிருந்து இழுத்தார். அது நீண்டுகொண்டே போய், கடைசியில் முழங்கை அளவு வலை வெளியே வந்தது. திரும்பும்போது அவருடைய மூட்டைகளில் ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன்.

1993-லிருந்து இந்த நிலம் ஜான் மியூர் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. பாதையைக் கல் பதித்துச் செப்பனிடுகிறார்கள், ஆனால் கடற்கரை வரை சாலை போடவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் மனதார விரும்புகிறேன். இங்கிருக்கிற அமைதிக்கு அந்த நாலு மைல்தான் காவல். நடக்க முடியாதவர்களுக்கு இது இழப்புதான், எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஓல்ட்ஷோர்மோர் கடற்கரையைச் சொல்வேன். வண்டி கிட்டத்தட்ட மணல் வரை போகும், அதுவும் அழகான இடம்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நீரோட்டம் பலமானது, காவலுக்கு ஆள் கிடையாது, ஆகவே இடுப்பளவுத் தண்ணீருக்குக்கூட இறங்காதீர்கள். காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மொய்த்துவிடும், முகவலை அவசியம். 1941-ல் இந்தக் கரையில் விழுந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் எஞ்சின் மணல் விலகும்போது எப்போதாவது தலைகாட்டுமாம். நான் போனபோது மூடியிருந்தது. ஜூனில் இரவு பத்தரை வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமில்லாமல் திரும்பலாம். பையில் ஒரு காலிச் சாக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.