கார்த்தி கம்ப்யூட்டருக்கு ரெண்டாவது ப்ராசசர் தேவையா?

கார்த்தி: மாமா, அக்கா, ஒரு யோசனை சொல்லுங்க. என் எச்பி இசட்640 கம்ப்யூட்டர்ல ஜியான் இ5-1650 வி4 ப்ராசசர் சிப் இருக்கு. ராம் 32 ஜிபி, 8 ஜிபி ஸ்டிக் நாலு. பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர், அதாவது சீனைப் படமா மாத்துற வேலை, ரொம்ப இழுக்குது. இதே சிப் இன்னொண்ணு வாங்கிப் போட்டுடலாமா?

சரவணன் மாமா: அது ஆகாது மாப்ள. 1650-ல முதல் எண் 1 இருக்கு பாரு, ஒத்தை சாக்கெட்டுக்கு (சிப் உக்கார்ற இடம்) மட்டும்னு அர்த்தம். ரெண்டு சிப்பும் பேசிக்கிற கியூபிஐ இணைப்பு அதுல கிடையாது. 2600 வரிசை வேணும். அப்போ ரெண்டுமே புதுசா வாங்கணும்.

ரேவதி அக்கா: சிப் மட்டும் இல்லடா. இசட்640 போர்டுல ஒரு சாக்கெட்தான். ரெண்டாவது சிப், போர்டுல சொருகுற ரைசர்ங்கிற தனி கார்டுல உக்காரும், அதுல நாலு ராம் ஸ்லாட். அதையும் நிரப்பணும். காலியா விட்டா அந்த சிப் ஒவ்வொரு தடவையும் முதல் சிப் வழியாத்தான் ராமைத் தொடும், பாதி பலன் அங்கேயே போயிடும்.

சித்தப்பா: என் ரைசன் மெஷின்லயும் ரெண்டு போட முடியுமா?

ரேவதி அக்கா: முடியாது சித்தப்பா. ரைசன், கோர் ஐ7 எல்லாம் ஒத்தை சாக்கெட்டுக்குன்னே செஞ்சது. ஏஎம்டியோட சர்வர் சிப் எபிக்லகூட மாடல் எண் கடைசில பி வந்தா ஒத்தைதான்.

சரவணன் மாமா: கார்த்தி, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணு. உன் சிப்ல 6 கோர், அதாவது தனித்தனியா கணக்குப் போடுற 6 பகுதி இருக்கு. ரெண்டர் ப்ராப்பர்ட்டிஸ்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல த்ரெட்ஸை (ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓடணும்ங்கிற எண்) ஃபிக்ஸ்டு ஆக்கி 3 வெச்சு ஒரு ஃப்ரேம் எடு. அப்புறம் 6 வெச்சு அதே ஃப்ரேம். நேரத்தைக் குறிச்சுக்கோ.

கார்த்தி: 3-க்கு 40 நிமிஷம். 6-க்கு 22. ரெண்டுலயும் ஆரம்பத்துல ஒரு 4 நிமிஷம் ஒரே கோர்தான் ஓடுது.

சரவணன் மாமா: அருமையான தகவல். அந்த 4 நிமிஷம் எத்தனை கோர் போட்டாலும் குறையாது. மிச்ச 18 நிமிஷம் மட்டும்தான் பிரிச்சு செய்யற வேலை. 14 கோர் உள்ள இ5-2690 வி4 ஒண்ணு போட்டா, க்ளாக் (சிப்போட வேகம்) குறையறதையும் சேர்த்து அந்த 18 ஏறக்குறைய 9, 10 ஆகும். மொத்தம் 14 சொச்சம். ரெண்டாவதும் போட்டா இன்னும் 5 நிமிஷம்கூட முழுசா மிச்சமாகாது. முதல் சிப்லயே 8 நிமிஷம் கிடைச்சுடுது பாரு.

ரேவதி அக்கா: க்ளாக் விஷயத்தை நல்லா கவனி. 1650 உச்சத்துல 4.0 கிகாஹெர்ட்ஸ் போகும், 2690 வெறும் 3.5. பிளெண்டர்ல உருவம் செய்ற மாடலிங், அதை மாத்துற மாடிஃபையர்லாம் பெரும்பாலும் ஒரே கோர்ல ஓடுறதால கொஞ்சம் மந்தமாத் தெரியும்.

சித்தப்பா: நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிட்டா முடிஞ்சுதே?

கார்த்தி: சீன் ராம்ல 20 ஜிபி எடுக்குது சித்தப்பா, கார்டுல ரெண்டர் பண்ணினா அது கார்டோட மெமரில அடங்கணும். இப்ப இருக்கிற கார்டுல 8 ஜிபிதான்.

ரேவதி அக்கா: அப்போ சிப்தான் சரி. சின்ன சீனா இருந்தா நானும் கார்டுதான் சொல்லியிருப்பேன்.

சரவணன் மாமா: என் முடிவு இதுதான். இப்போ 2690 ஒண்ணு மட்டும் வாங்கு. 1650 140 வாட், இது 135 வாட், அதனால இப்ப இருக்கிற ஹீட்சிங்க்கே தாங்கும். சிப்போட மேல் மூடில எஸ்ஆர்னு ஆரம்பிக்கிற அஞ்செழுத்துக் குறி இருக்கும், ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோ. பின்னாடி ஜோடி சேர்க்கணும்னா அதே குறி உள்ளதா தேடணும். கான்ஃபிடென்ஷியல்னு அச்சடிச்சிருந்தா அது சோதனைச் சிப், தொடாதே.

கார்த்தி: விண்டோஸ்?

ரேவதி அக்கா: ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டைத்தான் எடுக்கும், ரெண்டுக்கு ப்ரோ வேணும். இப்போதைக்கு உனக்குக் கவலையில்ல.

கார்த்தி: சரி, ஒண்ணே வாங்கறேன். மாத்தும்போது எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

சரவணன் மாமா: பின் எல்லாம் சாக்கெட்டுலதான் இருக்கு, சிப்புல இல்ல. சிப்பை ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு நேரா மேல தூக்கு, சாய்க்காதே. மாத்தி பூட் ஆனதும் பயாஸ்ல (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வர்ற அமைப்புத் திரை) 32 ஜிபி வருதான்னு பாரு. 24 காட்டினா ஒரு ராம் சேனல், அதாவது சிப்புலேர்ந்து ராமுக்குப் போற ஒரு வழி, வரல. முதல்ல ராமைக் கழட்டி அழுத்திப் போடு. அப்பவும் 24-னா சிப்பை எடுத்து, அடிப்பக்கம் ஹீட்சிங்குக்குத் தடவுற பேஸ்ட் ஒட்டியிருக்கா, சாக்கெட்டுல பின் ஏதாவது படுத்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. பின்னை நீயா நிமிர்த்தாதே, எனக்கு ஃபோட்டோ அனுப்பு.