வக்கீல் ஆபீஸில் முதல் நாள்: விவாகரத்தும் பிள்ளைப் பொறுப்பும்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் எல்லோரும் வீடு, லைசென்ஸ், பள்ளி அட்மிஷன் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது விவாகரத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு அபசகுனமாகப் படலாம். படட்டும். போன வருஷம் ஒரு தோழிக்குத் துணையாகக் குடும்ப வக்கீலிடம் போய்வந்தேன். அங்கே கேட்டதில் பாதியை நாடு மாறி வந்த முதல் மாதமே யாராவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில். நான் வக்கீல் இல்லை. மற்ற நாட்டு விவரம் தெரிந்தவரை ஆங்காங்கே சொல்கிறேன்.

தோழி ஒரு தடித்த ஃபைலோடு வந்திருந்தாள். கல்யாணச் செலவுக் கணக்கு, நகைப் பட்டியல், புகுந்த வீட்டார் அனுப்பிய வாட்ஸப் குரல் பதிவுகள் எல்லாம் அதில் இருந்தன. வக்கீல் அம்மா அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "கடந்த ஆறு மாதத்தில் குழந்தை எந்தெந்த விலாசத்தில் இருந்தது? யார் யாரோடு?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து, பல் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது, உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் எடுப்பது என்று கேட்டார். தோழிக்கு முகமே வாடிவிட்டது. எட்டு வருஷத்து வேதனையைச் சொல்ல வந்தால் இந்த அம்மா பல் டாக்டரைப் பற்றிக் கேட்கிறாரே என்று காரில் அழுதாள். எனக்கு இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். வக்கீலிடம் சொல்வது ரகசியமாகக் காக்கப்பட வேண்டுமென்றால் பொதுவாக மூன்றாவது ஆள் கூட இருக்கக் கூடாது. அண்ணன், அக்கா, உயிர்த்தோழி யாராக இருந்தாலும் இதே கதைதான்.

அந்தக் கோட்டின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. கல்யாணம் எந்த ஊரில் நடந்தது, தாலி யார் கட்டினார்கள் என்பதை வைத்துப் பிள்ளை வழக்கு எந்த ஊருக்குப் போகும் என்று அமெரிக்காவில் முடிவு செய்வதில்லை. வழக்குப் போடுவதற்கு முன் குழந்தை தொடர்ந்து 6 மாதம் எங்கே வாழ்ந்ததோ, அந்த மாநிலத்துக் கோர்ட்டுக்குத்தான் முதல் அதிகாரம். இதற்கென்று 1997இல் எழுதப்பட்ட ஒரே மாதிரிச் சட்டத்தை ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டையும் அது ஒரு மாநிலம் போலவே கணக்கில் எடுக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு இது முக்கியம். குழந்தை வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அப்பாவோ அம்மாவோ இன்னும் இந்தியாவிலேயே இருக்கிறார் என்றால், அதிகாரம் இந்தியக் கோர்ட்டிடமே இருக்கக்கூடும். விவாகரத்துக்கான கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் இருவரில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 3 மாதமும் இருந்திருக்க வேண்டும். ஆக ஒரே குடும்பத்துக்கு விவாகரத்து ஓரிடத்திலும் பிள்ளை வழக்கு இன்னோரிடத்திலும் நடக்கலாம்.

நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது விமான டிக்கெட்டில்தான். சண்டை முற்றியதும் "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா, மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அம்மா வீட்டிலிருந்து போன் வரும். அவர்கள் சொல்வது பாசத்தில். ஆனால் இன்னொரு பெற்றவரின் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோனால் பல நாடுகளில் அது பிள்ளைக் கடத்தல். பிள்ளைக் கடத்தல் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாம் இருக்கின்றன. அதில் சேர்ந்த இரு நாடுகளுக்கிடையே அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தால், பிள்ளையை அது வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பக் கேட்கலாம். இந்தியா அதில் சேரவில்லை. அதனால் பிள்ளை இந்தியாவுக்குப் போய்விட்டால், இங்கே இருப்பவர் அங்கே ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டு அலைய வேண்டிவரும். அங்குள்ள நீதிபதிகள் வெளிநாட்டு உத்தரவை ஒரு காரணியாகப் பார்ப்பார்களே தவிர அப்படியே நிறைவேற்ற மாட்டார்கள். பிள்ளையின் நலனே முதன்மை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லிவிட்டது. கொண்டுபோனவர் ஜெயித்துவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். பிள்ளை போன பிறகும் 6 மாதம் வரை, இங்கே இருக்கும் பெற்றவர் பழைய மாநிலத்திலேயே வழக்குப் போடலாம். ஆறு மாதம் தாண்டினால் பிடி தளர்ந்துவிடும். "லீவுக்குத்தானே போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள்" என்று காத்திருந்து ஏழாவது மாதம் வக்கீலைத் தேடுவது பெரிய தப்பு.

அடிதடி, உயிர்ப்பயம் என்றால் இந்தப் பேச்சே வேறு. முதலில் போலீஸ், பிறகு பாதுகாப்பு உத்தரவு. அந்த உத்தரவிலேயே பிள்ளை யாரிடம் இருக்கும் என்று தற்காலிகமாக எழுதிவாங்க முடியும்.

கலிஃபோர்னியாவில் விவாகரத்து மனுவோடு வரும் சம்மனிலேயே சில தடைகள் அச்சாகியிருக்கும். மனுப் போட்டவருக்கு அப்போதே, எதிராளிக்குச் சம்மன் கையில் கிடைத்ததும் அவை அமலுக்கு வரும். மற்றவரின் எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் பிள்ளையை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, பிள்ளைக்குப் புது பாஸ்போர்ட் எடுக்கக் கூடாது, இன்ஷூரன்ஸை ரத்து செய்யக் கூடாது. யாரும் படிக்காத அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே வாங்கிய விவாகரத்து இந்தியாவில் செல்லுமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவும், 1991இல் நரசிம்ம ராவ் (பிரதமராக இருந்தவர் இல்லை) வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்தான் அடிப்படை. இந்து முறைத் திருமணம் என்றால், இந்து திருமணச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணம் இருக்க வேண்டும். அதோடு பொதுவாக எதிராளி தானாக வந்து வழக்கில் முழுமையாகப் பங்கெடுத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரணமாக எழுதும் "ஒத்துவரவில்லை" என்ற காரணம் அந்தச் சட்டத்தில் இல்லை. ஒருவர் வராமலே மற்றவர் இங்கே வாங்கும் ஒருதலை விவாகரத்தை நம்பி அங்கே மறுமணம் செய்தால் சிக்கல்தான். இருவரும் சம்மதித்து வாங்கியதென்றால் நிலைமை எவ்வளவோ மேல். அங்கே சொத்து இருக்கிறதென்றால் இந்தியக் குடும்ப வக்கீல் ஒருவரிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள். இங்குள்ள வக்கீலுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

"அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளை அம்மாகிட்டதான்" என்பார்கள். இந்தியாவில் இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சாதாரணமாக அப்படித்தான் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் ஆண், பெண் என்று பார்த்து முன்னுரிமை கொடுப்பதில்லை. பிள்ளை யாரோடு தங்குவது என்பது ஒன்று, படிப்பு, வைத்தியம் போன்றவற்றை யார் முடிவு செய்வது என்பது வேறொன்று. இரண்டும் தனித்தனியாக எழுதப்படும். கனடாவில் 2021 மார்ச் முதல் விவாகரத்துச் சட்டத்தில் "கஸ்டடி" என்ற வார்த்தையையே எடுத்துவிட்டுப் பெற்றோர் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்று மாற்றிவிட்டார்கள். பல் டாக்டர் கேள்வி இப்போது விளங்குகிறதா? நேற்றுவரை யார் என்ன செய்தார்கள் என்பதையும் நீதிபதி பார்ப்பார்.

எவ்வளவு காலம் ஆகும்? கலிஃபோர்னியாவில் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதம். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் யார்மேலும் பழி போடத் தேவையில்லை. ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், பிறகு 20 வாரம், அதன் மேல் 6 வாரம். ஆஸ்திரேலியாவில் 12 மாதம் பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழேயே பிரிந்திருந்ததாகக் காட்டவும் வழி உண்டு.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் பேசுகிறாரா என்பதைவிட, நாடு தாண்டிய பிள்ளை வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். லைசென்ஸ் உண்டா, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் உண்டா என்று மாநில பார் அமைப்பின் (வக்கீல்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு) தளத்திலேயே பார்க்கலாம். நோட்டரியை நம்பிப் போகாதீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டம் படித்தவர்தான் பெரும்பாலும் அந்த வேலையில் இருப்பார். அமெரிக்காவில் நோட்டரி கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். முன்பணம் வாங்கி, மணியைப் பத்தாகப் பிரித்து 6 நிமிஷக் கணக்கில் கழிப்பது இங்கே வழக்கம். அதனால் அழ வேண்டுமென்றால் நண்பரிடம் அழுங்கள், வக்கீலிடம் தேதிகளைச் சொல்லுங்கள். கையில் வருமானமே இல்லாதவர்கள் கவனிக்க: சம்பாதிக்கும் துணைவரே உங்கள் வக்கீல் செலவையும் கொடுக்கும்படி கலிஃபோர்னியாக் கோர்ட் உத்தரவிட முடியும். முதல் நாளே கேளுங்கள். தோழிக்கு இது தெரியாமல்தான் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பேசுகிற எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்வது கலிஃபோர்னியாவில் குற்றம்.

எச்-4 போல் துணைவரை ஒட்டிய விசாவில் இருந்தால், விவாகரத்து முடியும் அன்றே அந்த அந்தஸ்தும் போய்விடும். குடும்ப வக்கீல் இதைச் சொல்லாமலே விடலாம். தீர்ப்புத் தேதிக்கு முன்பே குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும், கலிஃபோர்னியாவில் அதற்குப் படிவம் உண்டு. மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று தெளிவாக எழுதுங்கள். தோழி அவசரத்தில் "இந்தியன்" என்று எழுதிவைக்க, விசாரணையன்று ஹிந்திக்காரர் ஒருவர் வந்து நின்றார்.