நடவுப் பாடல் ஆய்வுக்கு மகளிரியல் துறையா, தமிழ்த்துறையா?

மலர்விழி: எம்.ஏ. தமிழ் முடித்து, அதே பாடத்தில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகையும் பெற்றிருக்கிறேன். திருவாரூர்ப் பகுதி நடவுப் பாடல்களில் பெண்கள் சாதியையும் கூலியையும் எப்படிப் பேசுகிறார்கள் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறேன். பாரதிதாசன் பல்கலைக்கழக மகளிரியல் துறைக்கு விண்ணப்பிப்பதா, ஏதேனும் ஒரு தமிழ்த்துறையில் சேர்வதா?

இளங்கோவன்: தமிழ்த்துறையில் சேருங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான அறிவிப்புகளில் தமிழுக்கு இடம் இருக்கும். மகளிரியலுக்கென்று தனியிடம் வருவது அரிது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017இல் முடிந்தபோது, யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிதியை நம்பியிருந்த மகளிரியல் மையங்கள் அந்த நிதி தொடருமா என்றே தெரியாமல் காத்திருந்தன. உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் வரும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். பெண் நோக்கில் ஆராயத் தமிழ்த்துறை எந்தத் தடையும் சொல்லாது.

ரெஜினா: தடை சொல்லாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஒரு தமிழ்த்துறையில்தான் பட்டம் பெற்றேன். வயலில் பாடல் பதிவு செய்துகொண்டிருந்தபோது, நிலக்காரரின் வண்டி வரப்போரம் வந்து நின்றதும் ஒரு பாட்டி பாதி அடியில் பாட்டை நிறுத்தினார். வண்டி போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் வேறொரு பாட்டை எடுத்தார். அந்த இடைவெளியைப் பற்றி நான் எழுதிய பத்துப் பக்கங்களை, பனுவலில் இல்லாத செய்தி என்று சொல்லி ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியில் நீக்கச் சொன்னார்கள். பெண்களின் நிலையை ஆராய 1971இல் அமைக்கப்பட்ட குழு 1974இல் அறிக்கை தந்த பிறகுதான், பழைய துறைகள் பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது நம் கல்வியுலகுக்கு உறைத்தது. மகளிரியல் இங்கே வேர்விட்டது அந்தக் குறையிலிருந்துதான்.

இளங்கோவன்: அந்த இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நீக்கச் சொன்னது துறையா, அதிலிருந்த மனிதர்களா? யூஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது. பேராசிரியராகவே இருந்தாலும் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. சிறிய துறையில் நெறியாளர், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர், கிடைப்பதே பெரும்பாடு. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஒருவர் முப்பது வயதில் வேலையில்லாமல் நிற்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரெஜினா: நெறியாளரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒவ்வொரு பருவமும் ஆய்வேட்டை மதிப்பிடுவது நெறியாளர் மட்டும் அல்லவே. அதைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவுக்கும் களப்பணி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மகளிரியலில் சேர்ந்து, தமிழ்த்துறையிலிருந்து ஓர் இணை நெறியாளரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. மலர்விழியின் எம்.ஏ.வும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தகுதியும் தமிழில்தான் இருக்கின்றன. அவை எங்கும் போய்விடாது.

இளங்கோவன்: போய்விடாதுதான். ஆனால் முனைவர் பட்டம் தொடர்புடைய பாடத்தில்தான் பெறப்பட்டது என்று தேர்வுக்குழுவின் முன் நிறுவும் சுமை அவர் தலையில்தான் விழும்.

மலர்விழி: ரெஜினா அக்கா, இளங்கோவன் ஐயா, இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் இரு துறைகளுக்கும் நேரில் போகிறேன். நெறியாளர்கள் ஓய்வுபெறும் ஆண்டை முதலில் விசாரித்துக்கொண்டு, பாட்டு நின்றுபோன இடத்தைப் பற்றி எழுதினால் அதை எந்த இயலில் வைக்கச் சொல்வீர்கள் என்று அவர்களிடம் கேட்கிறேன்.