பழைய மின்சார கார் வாங்கலாமா? பேட்டரி பயமும் வெலிங்டன் கணக்கும்

கேள்வி: வணக்கம். நியூசிலாந்தில் வெலிங்டனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. லோயர் ஹட்டில் வாடகை வீடு, கராஜ் உண்டு. மனைவிக்கு நியூடவுன் ஆஸ்பத்திரியில் வேலை, நைட் ஷிப்டுக்கு ரயிலை நம்ப முடியவில்லை. ஜப்பானிலிருந்து வந்த 2014 நிசான் லீஃப் மின்சார கார் ஒன்று எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கிறது. பேட்டரி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று டேஷில் காட்டும் 12 கட்டத்தில் 10 கட்டம் தெரிகிறது. பத்து வருடம் தாண்டிய பேட்டரி திடீரென்று படுத்துவிட்டால் என்ன செய்வது? பேசாமல் பெட்ரோல் வண்டியே வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, இந்தப் பயம் ஊரில் வீட்டு இன்வெர்ட்டரோடு பழகிய நம் எல்லோருக்கும் வருவதுதான். அந்த பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டுவிடும். அது ஈய-அமில பேட்டரி. லீஃபை ஓட்டுவது லித்தியம் பேட்டரி, அது பெரும்பாலும் அப்படி நின்றுபோவதில்லை, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அதனால் "எப்போது சாகும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என் வீட்டின் மிக மோசமான நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் வேண்டும், இந்த வண்டி இன்னும் எத்தனை வருடம் அதைக் கொடுக்கும்?" என்று கேளுங்கள். இதற்கு விடை கணக்குப் போட்டே கிடைக்கும்.

முதலில் அந்த 10 கட்டம். பன்னிரண்டில் பத்து என்றால் 83 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். அப்படி இல்லை. லீஃபில் முதல் கட்டம் போவதற்குள் 15 சதவீதம் குறைந்துவிட்டிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு கட்டமும் சுமார் 6 சதவீதம். ஆக 10 கட்டம் என்றால் ஏறக்குறைய 73 முதல் 78 வரை, 75 என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

2014 வண்டியில் இருப்பது 24 கிலோவாட் மணி பேட்டரி. கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் இதுவும் ஒன்றுதான், அதனால் யூனிட் என்றே சொல்கிறேன். புதிதாக இருந்தபோதே அதில் ஓட்டுவதற்குக் கிடைத்தது 21 யூனிட் சொச்சம்தான். 75 சதவீதத்தில் அது கிட்டத்தட்ட 16. நல்ல வெயில் நாளில் ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் போதும், அதாவது 100 கிலோமீட்டர் தாராளமாக ஓடலாம். ஆனால் நீங்கள் கணக்கிட வேண்டியது இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தை. தெற்குக் காற்று எதிரே அடிக்கிறது, மழை, ஹீட்டர் ஓடுகிறது, மோட்டார்வேயில் 100-இல் போகிறீர்கள். அப்போது 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் வரை தின்னும். 80 கிலோமீட்டர்தான் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். மிச்சம் 64.

உங்கள் வீட்டிலிருந்து நியூடவுன் போய்வர 40 கிலோமீட்டருக்குள். வரும் வழியில் நியூலண்ட்ஸ் ஏறி குறிஞ்சிக் குமரனைக் கும்பிட்டு, கடைக்கும் போய் வந்தால் 50. நியூலண்ட்ஸ் போகும் வழியில் உள்ள ங்கௌரங்கா ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலே போக ஒரு யூனிட் அளவில் கூடுதலாகச் செலவாகும், இறங்கும்போது பிரேக் வழியாக ஒரு பகுதி திரும்பிவிடும். இந்தக் குளிரான ஊரில் வருடத்துக்கு 3 சதவீதம் குறையும் என்று கொஞ்சம் கூட்டியே போட்டுப் பாருங்கள். நான்கு வருடம் கழித்தும் மோசமான நாளில் 53 கிலோமீட்டர் கையில் இருக்கும். உங்கள் வேலைக்கு அது போதும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை பாமர்ஸ்டன் நார்த் போக வேண்டும் என்றால் என் பதில் வேறு. 140 கிலோமீட்டர், இடையில் டிரான்ஸ்மிஷன் கல்லி ஏற்றம். வழியில் நின்று சார்ஜ் போட்டே ஆக வேண்டும். வேகமாகச் சார்ஜ் போட லீஃபுக்கு வேண்டியது சாடெமோ என்ற வகை பிளக். புதிய கார்கள் பெரும்பாலும் சிசிஎஸ் என்ற வேறு பிளக் பக்கம் போய்விட்டதால் பல சார்ஜர்களில் சாடெமோ ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது பழுதாக இருந்தால் குழந்தைகளை வைத்துக்கொண்டு குளிரில் காத்திருக்க வேண்டியதுதான். ரெமுடாகா மலை தாண்டி மாஸ்டர்டன் போவதும் இந்த வண்டிக்கு வேலை இல்லை. உச்சி 555 மீட்டர், ஏறுவதற்கு மட்டுமே இரண்டரை மூன்று யூனிட் கூடுதலாகப் போய்விடும். அந்தத் தேவை இருந்தால் காசு சேர்த்து 2018-க்குப் பிந்தைய 40 யூனிட் லீஃபைப் பாருங்கள்.

அந்த 75-ஐக் காதால் கேட்டு நம்பாதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள். லீஃப்ஸ்பை என்று ஒரு ஆப் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் டாங்கிளைச் செருகினால் போனில் எல்லாம் வந்துவிடும். எஸ்ஓஎச் என்று காட்டுவதுதான் பேட்டரியில் மிச்சமுள்ள சதவீதம். அதோடு நிறுத்தாதீர்கள். பேட்டரிக்குள் உள்ள 96 செல் ஜோடிகளின் வோல்டேஜும் வரிசையாகத் தெரியும், ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிட நன்றாகத் தாழ்ந்து நின்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சார்ஜ் குறைவாக இருக்கும்போதுதான் பலவீனமான செல் வெளியே தெரியும், அதனால் 20, 30 சதவீதத்தில் இருக்கும்போது பார்ப்பது நல்லது. விற்பவர் முழு சார்ஜில் மட்டும் காட்டினால் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். உள்ளே இருக்கும் கணக்கை ரீசெட் செய்து 12 கட்டமும் முழுசாகத் தெரியும்படி விற்பவர்களும் உண்டு. சில வாரம் ஓட்டிய பிறகுதான் கட்டங்கள் இறங்க ஆரம்பிக்கும். வயதுக்கு ஒவ்வாத அழகான எண் தெரிந்தால், ஒரு 25, 30 கிலோமீட்டர் மோட்டார்வேயில் ஓட்டி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். சாலையில் கரையும் சார்ஜை யாரும் ரீசெட் செய்ய முடியாது.

2011, 2012 வண்டிகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். லீஃப் பேட்டரிக்குக் குளிர்விக்கும் திரவ ஏற்பாடு கிடையாது, சூட்டில் சீக்கிரம் தேயும். அமெரிக்காவின் அரிசோனாவில் 2012-லேயே இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்தது. அதன்பிறகு சூட்டைத் தாங்கும்படி செல்களைத் திருத்தினார்கள். ஜப்பானில் நிசான் கொடுத்த பேட்டரி வாரண்டி இறக்குமதி வண்டியோடு இங்கே வராது. பேட்டரியை மாற்றித் தரும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன, ஆனால் இந்த வயது வண்டிக்கு அந்தச் செலவு வண்டி விலையையே தாண்டிவிடலாம். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம்.

முடிந்தவரை பதிவுபெற்ற டீலரிடம் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. டீலர் விற்றால் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், தகராறு வந்தால் மோட்டார் வாகனத் தகராறு தீர்ப்பாயம் இருக்கிறது. தனியாரிடம் வாங்கினால் இந்த இரண்டும் கிடையாது. எஸ்ஓஎச் தெரியும் போன் திரையைப் படமெடுத்து, அந்த எண்ணை ஒப்பந்தத் தாளிலும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் சாலை வரி. 2024 ஏப்ரல் 1 முதல் மின்சார காருக்கும் 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர் என்று முன்கூட்டியே கட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் கிலோமீட்டரை ஓடோமீட்டரோடு ஒப்பிடுங்கள். பாக்கி இருந்தால் விற்பவர் கட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. சார்ஜ் போடுவது எப்படி? வீட்டுக்காரர் சுவரில் சார்ஜர் மாட்ட விடுவாரா என்று தெரியவில்லை. நல்லபடியாக வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

பதில்: சுவர் சார்ஜர் உங்களுக்கு வேண்டாம் தம்பி. கராஜில் உள்ள சாதாரண மூன்று பின் சாக்கெட்டில் 8 ஆம்பியர் கேபிள் போட்டால் மணிக்கு 1.8 யூனிட் ஏறும். அன்றாடம் செலவாகும் ஏழெட்டு யூனிட்டைத் தூங்கும் நேரத்தில் நிரப்பிவிடலாம். ஆனால் வண்டியோடு வந்த ஜப்பான் கேபிளை அடாப்டர் மாட்டி ஒருபோதும் உபயோகிக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. இரவு முழுவதும் நிற்காமல் கரண்ட் ஓடும், மட்டமான இணைப்பு சூடாகித் தீப்பிடிக்கலாம். இந்த நாட்டுக்கென்று செய்த கேபிளை வாங்குங்கள், சாக்கெட்டை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

பேட்டரியை நூறு சதவீதத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். தூரம் போகிற அன்று நிரப்பிக்கொண்டு உடனே கிளம்பினால் பாதகமில்லை. மற்ற நாட்களில் 80 போதும். குளிருக்கு ஹீட்டரைவிட சீட் சூடாக்கியைப் போடுங்கள், அது தின்னும் கரண்ட் மிகக் குறைவு.

ஒருநாள் காலை வண்டி கிளம்பாமல் டேஷில் எல்லா விளக்கும் எரிந்தால் பதறாதீர்கள். பானெட்டுக்குள் 12 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் தீர்ந்திருக்கும். எல்லா கார்களுக்கும் போடுகிற மாதிரியான பேட்டரிதான், எங்கேயும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே அது எப்போது மாற்றியது என்று கேட்டுவிடுங்கள்.

டாங்கிள் என்னிடம் இருக்கிறது. நானும் லோயர் ஹட் பக்கம்தான். வண்டியைப் பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.