ஸ்க்ரோஃபுலா என்பது எந்த நோய்?

பழந்தாள்:
19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவக் குறிப்புகள் சிலவற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘ஸ்க்ரோஃபுலா’ வருகிறது. ஒரு இடத்தில் கழுத்துக் கட்டி, இன்னொரு இடத்தில் மூட்டு வீக்கம், வேறொரு இடத்தில் வெறும் நோஞ்சான் குழந்தை, எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான். இது ஒரு நோயா, பல நோயா? தமிழில் என்ன போடுவது?

வேர்ச்சொல்:
லத்தீனில் ‘ஸ்க்ரோஃபா’ என்றால் குட்டி போடும் பெண்பன்றி, அதிலிருந்து வந்தது. கிரேக்கர்களும் இந்தக் கட்டிக்குப் பன்றியை வைத்துத்தான் பேர் வைத்திருந்தார்கள். ஏன் பன்றி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம்: வீங்கிய கழுத்து பன்றிக் கழுத்து போல இருப்பதால் என்பார்கள், பன்றிக்கு இந்த வியாதி அதிகம் என்று நம்பியதால் என்பார்கள். நோய் பெரும்பாலும் கழுத்து நெறிகட்டிகளில் வரும் டிபி. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டும்வரை நுரையீரலில் வருவதும் இதுவும் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை, அதனால் டாக்டர்கள் கண்டதையெல்லாம் இந்தப் பையில் போட்டார்கள்.

தெருக்கோடி:
இதற்கு ‘ராஜ வியாதி’ என்ற அர்த்தத்தில் இன்னொரு பேரும் உண்டு, ராஜா தொட்டால் குணமாகும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் நம்பினார்கள். இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் மட்டும் 90,000 பேருக்கு மேல் தொட்டதாகக் கணக்கு! அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை 1712இல், குழந்தையாக இருக்கும்போது, ஆன் ராணியிடம் கொண்டுபோனார்கள். ராணி கொடுத்த தங்கப் பதக்கத்தைக் கடைசிவரை கழுத்தில் போட்டிருந்தார், கட்டி என்னவோ போகவில்லை, கத்தி வைத்த தழும்பும் மிச்சம். அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் இந்தச் சடங்கையே விட்டுவிட்டார். பிரான்சில் பத்தாம் சார்லஸ் 1825இல்கூடத் தொட்டார்.

பழந்தாள்:
அருமை, நன்றி. அப்போ ‘காசநோய்’ என்றே போட்டுவிடலாமா?

வேர்ச்சொல்:
வேண்டாம் சார். எழுதியவருக்கே அது தெரியாது, நீங்கள் அவர் வாயில் திணித்தது போல ஆகிவிடும். கழுத்துக் கட்டி வரும் இடங்களில் ‘கண்டமாலை’ போடுங்கள், சித்த மருத்துவத்தில் புழங்கும் பெயர்தான். நோஞ்சான் குழந்தை வரும் இடத்தில் அது பொருந்தாது, அங்கே ஸ்க்ரோஃபுலா என்றே விட்டு அடிக்குறிப்பு கொடுங்கள்.