பெட்டூனியா: மொட்டில் ஓட்டை, நுனி இலையில் மஞ்சள். ஓசூர் பக்கம் வளர்ப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். பாகலூர் பக்கம், நிழல்வலைக்குள் தொட்டியில் பெட்டூனியா பூச்செடிகள். தொல்லை இரண்டு.

மொட்டில் சின்ன ஓட்டை, கீழ் இலையில் மிளகுத்தூள் மாதிரி எச்சம். பச்சைக் காய்ப்புழுதான். பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) மருந்து லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் அடிக்கிறோம்; வெயில் பட்டால் வீரியம் போய்விடும். குட்டிப் புழு சாகிறது. மொட்டுக்குள் நுழைந்ததைக் கையால்தான் பொறுக்க வேண்டும். இது சமாளிக்கக்கூடியதுதான்.

தலைவலி மஞ்சள்தான். நுனி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. வேர் வெள்ளையாக இருக்கிறது, வாடை இல்லை. ஆக வேரழுகல் இல்லை. திட்டுத்திட்டான தேமலோ சுருக்கமோ இல்லாததால் வைரஸ் சந்தேகமும் இல்லை. இரும்புச்சத்துக் குறைதான் என்று நினைக்கிறேன். போர்த் தண்ணீர் பி.எச். (அமில, கார அளவு) 8. வேர்ப்பகுதியில் 5.5 முதல் 6 வரை இருந்தால்தான் பெட்டூனியா இரும்பை நன்றாக எடுக்கும். இ.டி.டி.ஏ. இரும்பு (செடி எடுக்கும்படி கரைந்தே நிற்கச் செய்த இரும்பு உரம்) பி.எச். 6.5 தாண்டினால் சரியாக நிற்காது.

அதிக பி.எச்.சிலும் நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. இரும்பு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சில்லறையாகக் கிடைக்குமா? பி.எச். குறைக்க 1,000 லிட்டர் தண்ணீருக்கு சிட்ரிக் ஆசிட் எத்தனை கிராம் போடுகிறீர்கள்? உங்கள் தண்ணீரின் பைகார்பனேட் (அமிலத்தை முறிக்கும் உப்பு) அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள், பி.எச். எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. யூரியா யோசனை வேண்டாம், தழைச்சத்துக் குறை என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும்; இங்கே அடி இலையெல்லாம் நல்ல பச்சையாகவே இருக்கிறது.