மறு: ஹெசெத் – எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஹெசெத் என்ற எபிரேயச் சொல்லுக்கு (உறவில் ஒருவருக்கொருவர் காட்டும் உண்மையான அன்பு என்று சுமாராகச் சொல்லலாம்) வேத மொழிபெயர்ப்புக்கான நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். 'கிருபை' போதும் என்பவர்களும் சரி, 'பேரன்பு' போதும் என்பவர்களும் சரி, சங்கீதம் 136ஐ மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள். 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வரும் அந்த வரியில் இரண்டுமே நன்றாகத்தான் நிற்கின்றன. 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விட மனம் வராது, கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பின் 'என்றும் உள்ளது அவரது பேரன்பு' பாடுவதற்கென்றே அமைந்த வரி. ஆனால் எபிரேய வேதத்தில் ஹெசெத் சுமார் 250 இடங்களில் வருகிறது, அதில் பாதி சங்கீதத்துக்கு வெளியே. கலைச்சொல் என்று ஒன்றை முடிவு செய்தால் அது அங்கேயும் செல்லுபடியாக வேண்டும்.

ஓசியா 6ஆம் அதிகாரத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் திறந்து பாருங்கள். 4ஆம் வசனத்தில் 'உங்கள் பக்தி காலையில் காணும் மேகத்தைப்போலவும், விடியற்காலையில் தோன்றும் பனியைப்போலவும் ஒழிந்துபோகிறது' என்று இருக்கும். இரண்டு வசனம் தள்ளி, 'பலியை அல்ல இரக்கத்தையும்' விரும்புகிறேன் என்று வரும். மூலத்தில் அந்தப் பக்தியும் இந்த இரக்கமும் ஒரே ஹெசெத். எது மேகம்போலக் கலைந்துவிடுகிறது என்று கடவுள் வருந்துகிறாரோ, அதையேதான் பலிக்குப் பதிலாகக் கேட்கிறார். தமிழில் படிப்பவருக்கு இந்தக் கண்ணி அறுந்துபோய், பக்தி குறைவு என்று ஒரு புகார், ஏழைகளுக்கு இரங்கு என்று வேறொரு கட்டளை, இப்படி இரண்டாகத் தெரிகிறது.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கிருபை, தயை, இரக்கம், அருள் எல்லாமே தமிழில் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டுவது. பக்தி அதற்கு எதிர்த்திசை. ஹெசெத்துக்குத் திசையே கிடையாது. ரூத் 1:8இல் இரண்டு மருமகள்களும் செத்துப்போனவர்களுக்கும் தனக்கும் செய்தது ஹெசெத் என்கிறாள் நகோமி, கர்த்தர் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று அவள் கேட்பதும் அதே வசனத்தில் அதே ஹெசெத். மருமகள் மாமியாருக்குக் 'கிருபை' செய்தாள் என்று தமிழில் சொல்ல வருமா? அதனால்தான் அங்கே 'தயை', 3:10இல் போவாஸ் ரூத்தைப் பாராட்டும் இடத்தில் 'நற்குணம்' என்று மாறி மாறிப் போட வேண்டியதாயிற்று. போவாஸ் பேசுவது அவள் குணத்தைப் பற்றிக்கூட அல்ல, அவள் செய்ததைப் பற்றி. முன்பு செய்ததைவிட இப்போது செய்தது மேல் என்கிறார்.

> 'உடன்படிக்கை அன்பு' என்று வைத்தால் இறையியல் துல்லியம் கிடைக்குமே?

1927இல் நெல்சன் குளூக் என்ற வேத ஆய்வாளர் சொன்னதை ஒட்டிய யோசனை இது. உடன்படிக்கையோ உறவோ விதிக்கும் கடமைப்படி நடப்பதுதான் ஹெசெத் என்பது அவர் வாதம். 1978இல் கேதரின் சாக்கன்ஃபெல்ட் என்ற இன்னொரு ஆய்வாளர் அதை நிறையவே திருத்தினார்: உறவு இருக்கிறது, ஆனால் செய்பவரை யாராலும் கட்டாயப்படுத்த முடியாது, பெறுபவருக்கோ அவரை விட்டால் ஆள் இல்லை. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. நகோமி இருவரையும் திரும்பிப் போகச் சொல்லிவிட்டாள், ஓர்பாள் போனாள், அவளை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ரூத் போகவில்லை. அங்கே எந்த உடன்படிக்கை இருந்தது?

உடன்படிக்கை இருக்கும் இடத்திலும் பாருங்கள். தன் வீட்டாருக்கு ஹெசெத் செய்வதை நிறுத்தக் கூடாது என்று யோனத்தான் தாவீதிடம் வாக்கு வாங்குகிறான் (1 சாமு 20). பிறகு யோனத்தான் கில்போவா மலையில் செத்துப்போகிறான், சவுலின் வீடு விழுந்துவிடுகிறது, மிஞ்சிய மகன் மேவிபோசேத் இரண்டு காலும் முடமாகி லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கிறான். வாக்கை நினைவூட்டக்கூட ஆள் இல்லை. அப்போது தாவீதே, அந்த வீட்டில் யாராவது மீதி இருக்கிறார்களா என்று கேட்டுத் தேடுகிறான் (2 சாமு 9). உடன்படிக்கை என்ற சொல் இதில் பாதியைத்தான் சொல்லும்.

> வள்ளுவரிடமே சொல் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? ஒப்புரவு, கடப்பாடு, அளி...

ஐயா சொன்னதில் எனக்கு உண்மையிலேயே ஆசை உண்டு. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' (211) என்பது ஹெசெத்துக்கு அவ்வளவு நெருக்கம். யூத மரபில் இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வதை 'ஹெசெத் ஷெல் எமெத்', அதாவது உண்மையான ஹெசெத் என்பார்கள், செத்தவர் திருப்பிச் செய்ய மாட்டார் அல்லவா. தன்னை எகிப்தில் புதைக்காதே என்று யாக்கோபு யோசேப்பிடம் கேட்ட இடத்துக்கு (ஆதி 47:29) இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எழுதிய உரையும் இதையே சொல்கிறது. ஆனால் ஒப்புரவைச் சபைகள் ஏற்கெனவே பகை தீர்ந்து மீண்டும் சேர்வது என்ற வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டன, கடப்பாடு இன்றைய தமிழில் ஒப்பந்தப் பத்திரத்துக்குப் போய்விட்டது. 390ஆம் குறளின் 'அளி'க்குப் பரிமேலழகர் தரும் 'தலையளி' அருமையான சொல், ஆனால் அரசன் குடிகளுக்குச் செய்வது. மறுபடி மேலிருந்து கீழே.

என் பரிந்துரை: கைவிடா அன்பு.

கடவுள் மனிதனைக் கைவிடாமல் இருக்கலாம், மருமகள் மாமியாரைக் கைவிடாமல் இருக்கலாம், நண்பன் நண்பனின் பிள்ளையைக் கைவிடாமல் இருக்கலாம், மக்கள் கடவுளையும்தான். திசைச் சிக்கல் போய்விடுகிறது. எபிரேயத்தில் ஹெசெத் என்பது செய்வது, வெறுமனே உணர்வது அல்ல. 'அன்பு செய்' என்ற வழக்கு கத்தோலிக்கத் தமிழில் நன்றாகவே ஓடுகிறது, அதனால் வினையும் கிடைக்கிறது. பக்கத்துச் சொற்களோடும் மோதாது. யாத்திராகமம் 34:6இல் 'இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமும்' என்று வரிசையாக வரும்போது ஹெசெத் இருப்பது நான்காம் இடத்தில். அதற்குக் கிருபையைக் கொடுத்துவிட்டால் இரண்டாம் இடத்துக்கு என்ன செய்வீர்கள்? ஹெசெத்துக்குப் பக்கத்தில் வரும் 'எமூனா' (உண்மை தவறாமை) என்ற எபிரேயச் சொல்லுக்குப் பொது மொழிபெயர்ப்பு சங்கீதம் 36:5இல் 'வாக்குப் பிறழாமை' என்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது சொன்ன சொல்லை விடாமை, இது ஆளை விடாமை.

> ஓசியாவில் 'கைவிடா அன்பு ஒழிந்துபோகிறது' என்றால் முரணாக இல்லையா?

முரண்தான், ஓசியாவின் குற்றச்சாட்டே அந்த முரண்தான் என்று நினைக்கிறேன். விடக் கூடாததை விட்டுவிட்டீர்கள் என்கிறார். 'உங்கள் அன்பு' என்று மென்மையாக்கினால் அந்த அதிர்ச்சி போய்விடும்.

அப்புறம் இரண்டு விஷயம். லேவியராகமம் 20:17இல் அதே எழுத்தில் வருவது அவமானம் என்ற பொருளுள்ள வேறு சொல், சொற்பட்டியலில் தனிப் பதிவாகப் போட்டுவிடுவோம். ஹெசெத் உள்ளவர் என்று பொருள்படும் 'ஹசீத்' இன்னும் பாக்கி. 'கைவிடா அன்பர்' நீளம், 'பக்தர்' என்றால் ஒரு திசைக்கே போய்விடுகிறது. சங்கீதம் 86:2இல் தாவீது தன்னை ஹசீத் என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் பொருத்திப் பார்த்து, வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.